ஓடுவதற்கு முன் நிற்கப் பழகட்டும்!



நம் வீடுகள் பலவற்றில், மாடிப்படிக்குக் கீழேயோ தட்டுமுட்டுச் சாமான்கள் கிடக்கும் அறையிலோ பழைய கியர் சைக்கிள் ஒன்று தூசி படிந்து நின்றுகொண்டிருக்கும். வெளிநாட்டிலிருந்து திரும்பிய உறவினர் கொண்டுவந்ததாக இருக்கலாம். மூத்த மகன் கல்லூரிக் காலத்தில் ஓட்டிவிட்டு, மோட்டார் சைக்கிள் வாங்கியதும் மறந்துவிட்டதாகவும் இருக்கலாம். தடித்த டயர், அகன்ற ஹேண்டில்பார், உறுதியான இரும்புச் சட்டம் என்று மலைப் பாதைகளுக்காகவே உருவாக்கப்பட்ட வண்டி அது. இளைய பிள்ளை வளர்ந்ததும் அதை வெளியே இழுக்கிறோம். டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுகிறோம். செயினுக்கு எண்ணெய் விடுகிறோம். சட்டத்தைத் துடைத்துப் பளபளக்க வைக்கிறோம். "புதிது போல் ஆகிவிட்டதே!" என்று மகிழ்ந்து பிள்ளையின் கையில் கொடுத்துவிடுகிறோம்.

வண்டி ஓடுகிறதா என்று பார்த்தோம். நிற்கிறதா என்று பார்த்தோமா?

இந்த வினாவை உங்களை நோக்கி எழுப்பும் முன்னர், என்னை நோக்கியே எழுப்பிக்கொள்ள வேண்டிய நிலை எனக்கு நேர்ந்தது. அதைச் சொல்லாமல் உங்களுக்கு அறிவுரை கூறுவது நேர்மையாகாது.

ஒரு மாதத் தவணை

என் அக்காள் மகனுக்கு வயது 16. அவனுடைய அத்தா சவூதியில் வேலை பார்க்கிறார். ஆகவே, பள்ளிக் கட்டணம் முதல் பல் வலி வரை அந்த வீட்டின் பொறுப்புகளில் ஒரு பங்கு தாய்மாமனாகிய என் தோளில் இருக்கிறது. அமெரிக்காவில் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பிய அவனுடைய பெரியத்தா, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வாங்கிய மலைச் சைக்கிள் ஒன்றைக் கப்பலில் அனுப்பிய சாமான்களோடு கொண்டுவந்திருந்தார். அதைத்தான் பையன் ஓட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் அவன் என்னிடம் வந்து, "மாமா, முன் பிரேக் பிடிக்கவே மாட்டேங்குது. கட்டை மாத்தணும்" என்றான். என் முன்னே மதரஸா மாணவர்களின் தேர்வுத் தாள்கள் குவிந்து கிடந்தன. தலை நிமிராமலேயே, "அடுத்த மாதம் பார்க்கலாம், அதுவரை மெதுவாக ஓட்டு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அந்த அடுத்த மாதம் வருவதற்குள் ஆனிச் சாரல் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழர்கள் இருவருடன் குமுளிக்கு ஏறிச் சென்றிருக்கிறான். திரும்பி லோயர் கேம்ப் நோக்கி இறங்கும்போது மெல்லிய தூறல். ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற ஜீப் ஒன்று வளைவில் எதிரே வந்திருக்கிறது. இரண்டு லீவர்களையும் ஹேண்டில்பாரைத் தொடும் வரை அழுத்தியும் சைக்கிள் நிற்கவில்லை. ஜீப்பில் மோதுவதைவிட மேல் என்று மலையை ஒட்டிய சாக்கடைப் பக்கம் வண்டியைத் திருப்பிவிட்டான். முழங்கைத் தோல் உரிந்தது. மணிக்கட்டு எலும்பில் விரிசல். சாலையின் மறுபுறம் பள்ளம். அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை இன்றும் என்னால் எண்ணிப் பார்க்க இயலவில்லை.

மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அழைத்து வந்தபோது அக்காள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, அவன் உன்கிட்ட முன்னாடியே சொன்னானாமே!" என்று மட்டும் கேட்டார். கடிந்துகொண்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மலை இறங்கியவர்கள் கற்ற பாடம்

இந்த வகைச் சைக்கிளின் வரலாறே பிரேக்கின் வரலாறுதான். எழுபதுகளில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே, மரின் வட்டாரத்தில், இளைஞர்கள் சிலர் பழைய தடித்த டயர்ச் சைக்கிள்களை மலைக்கு ஏற்றிச் சென்று மண் பாதையில் வேகமாக இறங்கிப் பழகினார்கள். அவற்றில் கைப் பிரேக் கிடையாது; பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின் சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே பிடிக்கும் பிரேக்தான் இருந்தது. 1976-இல் அங்கே ஒரு பந்தயம் தொடங்கியது. ஏறத்தாழ 2 மைல் தொலைவில் 1300 அடி இறங்கும் பாதை அது. ஒரு முறை இறங்கி முடிப்பதற்குள் ஹப் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து எரிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் ஹப்பைப் பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால், அந்தப் பாதைக்கே 'மறுபடி அடைத்தல்' என்ற பொருளில் 'ரீபேக்' என்று பெயர் அமைந்துவிட்டது. அந்த வட்டத்தைச் சேர்ந்த ஜோ பிரீஸ் போன்றோர் பின்னர் மலைக்கென்றே புதிய சட்டம் அமைத்தபோது, சக்கரத்தின் ரிம்மை இருபுறமும் கவ்வும் கைப் பிரேக்குகளைப் பொருத்தினார்கள்.

கிரீஸ் ஏன் எரிகிறது? இறக்கத்தில் நாம் பெறும் வேகத்தை பிரேக் வெப்பமாக மாற்றியே தீரவேண்டும். ஆளும் வண்டியுமாக 70 கிலோ எடை, 100 மீட்டர் உயரம் இறங்கினால் கிடைக்கும் ஆற்றல், ஒரு தம்ளர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. காற்று அதில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டாலும், மீதியைத் தாங்குபவை அந்தச் சின்னஞ்சிறு ரப்பர்க் கட்டைகளும் ரிம்மும்தாம். அந்தக் கட்டைகளைத்தான் நான் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தேன்!

ஏன் பிடிக்கவில்லை?

எங்கள் ஊரில் நாற்பது ஆண்டுகளாகச் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டு சென்றேன். அவர் முன் சக்கரத்தின் கட்டையைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். "நகத்தால அழுத்திப் பாருங்க ஹஜ்ரத்" என்றார். நகம் பதியவில்லை. கல்லைப் போல் இறுகியிருந்தது. ரப்பர் தேயாமலேயே முதுமை அடையும் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஓட்டாமல் ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியின் கட்டைகள் பார்வைக்குப் புதியவைபோல் தோன்றும். ஆனால், அவற்றில் பிடிப்பு இராது.

அடுத்து ஒயரைக் காட்டினார். லீவரிலிருந்து கட்டைக்கு நம் கையின் வலிமையைக் கொண்டு செல்வது அந்த ஒயர்தான். வெளியுறைக்குள் துருவும் மண்ணும் சேர்ந்து, அழுத்தும் வலிமையில் பெரும்பங்கை உரசலே தின்றுகொண்டிருந்தது. லீவருக்கு அருகில் ஒயரின் இழைகள் இரண்டு அறுந்தும் இருந்தன.

மூன்றாவதாக அவர் கண்டது என்னைத் திகைக்க வைத்தது. அமெரிக்க வழக்கப்படி அந்தச் சைக்கிளில் இடக்கை லீவர் முன் பிரேக்குக்கும் வலக்கை லீவர் பின் பிரேக்குக்கும் பொருத்தப்பட்டிருந்தன. நம் நாட்டில் வழக்கம் இதற்கு நேர்மாறு. மோட்டார் சைக்கிளிலும் வலக்கை லீவர்தான் முன் பிரேக். பிறர் வண்டிகளை ஓட்டிப் பழகிய பிள்ளையின் கை, ஆபத்து நேரத்தில் பழகிய வழியில்தானே செல்லும்? வெளிநாட்டுச் சைக்கிள் வைத்திருப்பவர்கள் இதை முதலில் பாருங்கள். ஒயர்களை மாற்றும்போது இடம் மாற்றிப் போடச் சொன்னால் போதும்.

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்

பிரேக்கை மேம்படுத்துவது என்றவுடன் விலையுயர்ந்த உதிரிப் பாகங்களை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. அந்தப் பெரியவர் சொன்ன வரிசை இதுதான்.

முதலாவது, துப்புரவு. ரிம்மின் இரு பக்கங்களையும் சோப்பு நீரால் கழுவி, உலர்த்தி, எண்ணெய்ப் பசை அறவே இல்லாமல் துடைக்க வேண்டும். செயினுக்கு விடும் எண்ணெயின் ஒரு துளி ரிம்மில் பட்டாலும் பிடிப்புக் கெடும். இதற்குச் செலவே இல்லை.

இரண்டாவது, புதிய கட்டைகள். பழைய சைக்கிளுக்குச் செய்யும் செலவில் இதைவிடப் பயன் தருவது வேறொன்றுமில்லை. பொருத்தும் முறையில்தான் கவனம் தேவை. கட்டை முழுவதும் ரிம்மின் மீதே படியவேண்டும். மேலே ஏறி டயரைத் தொட்டால், டயரின் பக்கச்சுவரை அறுத்து வெடிக்கச் செய்துவிடும். கீழே இறங்கினால் ரிம்மை விட்டு நழுவிக் கம்பிகளுக்குள் புகுந்துவிடும். சக்கரம் சுழலும் திசையில் கட்டையின் முன் முனை ஒரு மில்லிமீட்டர் அளவு முந்தித் தொடும்படி வைத்தால், கிறீச்சென்ற ஓசை எழாது.

மூன்றாவது, புதிய ஒயரும் வெளியுறையும். ஒயரை மட்டும் மாற்றிவிட்டுத் துருப்பிடித்த பழைய உறையையே பயன்படுத்துவது வீண். மேலும் ஒன்று: கியருக்குரிய வெளியுறையை பிரேக்குக்குப் போடவே கூடாது. பிரேக் உறையின் உள்ளே கம்பி சுருள் சுருளாக அமைந்து அழுத்தத்தைத் தாங்கும். கியர் உறையில் கம்பிகள் நீளவாக்கில் இருக்கும். பலமாக அழுத்தினால் அது பிளந்துவிடக்கூடும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால், கடையில் கேட்டு வாங்க வேண்டும்.

நான்காவது, ரிம். தொண்ணூறுகளின் நல்ல மலைச் சைக்கிள்களில் அலுமினிய ரிம் இருக்கும். மலிவான வண்டிகளிலோ பளபளக்கும் இரும்பு ரிம். இரும்பு ரிம் நனைந்துவிட்டால் பிடிப்புப் பல மடங்கு குறைந்துபோகும். மழை மிகுந்த ஊரில் இருப்போர், அலுமினிய ரிம் வைத்த சக்கரத்துக்கு மாறுவது பெரிய பாதுகாப்பு. அலுமினிய ரிம்மிலும் ஒரு சோதனை உண்டு. கட்டை படும் பகுதியை விரலால் தடவிப் பாருங்கள். கிண்ணம்போல் குழிந்திருந்தால் அது தேய்ந்துவிட்டது; காற்றழுத்தம் தாங்காமல் ஒரு நாள் பிளக்கும்.

இரு வகை பிரேக்குகள்

பழைய மலைச் சைக்கிள்களில் பெரும்பாலும் 'கேன்டிலீவர்' எனப்படும் பிரேக் இருக்கும். சக்கரத்தின் இருபுறமும் குட்டையான கைகள் இரண்டு. அவற்றை இணைத்து டயருக்கு மேலே ஒரு குறுக்கு ஒயர். அதன் நடுவை மேல்நோக்கி இழுக்கும் பிரதான ஒயர். இதில் செலவில்லாத திருத்தம் ஒன்று உண்டு. குறுக்கு ஒயர் கூரைபோல் மிக உயரமாக நின்றால், கையின் வலிமை வீணாகும். அதை டயருக்கு இடிக்காத அளவுக்குத் தாழ்த்திக் கட்டினால், அதே கை அழுத்தத்துக்குப் பிடிப்புக் கூடும்.

இந்த அமைப்பில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. முன் பிரேக்கின் பிரதான ஒயர் அறுந்தால், குறுக்கு ஒயர் டயரின் மேல் விழும். மலை டயரின் முண்டுகள் அதைப் பற்றிக்கொண்டால் முன் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டு, ஓட்டுபவரைத் தலைகீழாகத் தூக்கி எறியும். முன் மட்கார்டோ, பிரதிபலிப்பான் மாட்டும் இரும்புத் தகடோ அங்கே இருந்தால் ஒயரைத் தாங்கிக்கொள்ளும். அழகுக்காக அதைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

1996 வாக்கில் ஜப்பானிய நிறுவனமான ஷிமானோ 'வி பிரேக்' என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. இதில் கைகள் நீளமானவை. குறுக்கு ஒயர் கிடையாது; ஒயர் ஒரு கையின் உச்சியிலிருந்து மற்றொரு கையின் உச்சிக்கு நேராகச் செல்கிறது. பொருத்துவது எளிது, பிடிப்பும் அதிகம். கேன்டிலீவர் மாட்டப்பட்டிருந்த அதே முளைகளிலேயே இதனைப் பெரும்பாலும் மாட்டிவிடலாம் என்பதால், பழைய சைக்கிளை மேம்படுத்த விரும்புவோருக்கு இது நல்ல வழி.

அரைகுறைத் திருத்தம்

இங்கேதான் நான் இரண்டாவது தவறு செய்தேன். குற்ற உணர்வின் வேகத்தில், பெரியவர் ஊரில் இல்லாத ஒரு நாளில், பக்கத்து ஊருக்குச் சென்று புதிய வி பிரேக் இரண்டு வாங்கி அங்கேயே மாட்டச் சொன்னேன். "லீவரும் மாற்ற வேண்டுமா?" என்று கேட்டேன். "லீவர் நல்லாத்தானே இருக்கு!" என்ற விடை கிடைத்தது. எனக்கும் செலவு மிச்சம் என்று தோன்றிற்று.

வீட்டுக்கு வந்து, பையனிடம் கொடுக்கும் முன் நானே ஓட்டிப் பார்க்கலாம் என்று மதரஸா மைதானத்தில் ஏறினேன். முதலில் லீவர் ஹேண்டில்பார் வரை வந்தும் கட்டைகள் ரிம்மைத் தொட்டதாகத் தெரியவில்லை. இறங்கி, கட்டைகளை ரிம்முக்கு மிக நெருக்கமாக வைத்துவிட்டு மறுபடி ஏறினேன். இந்த முறை லேசாகத் தொட்டதும் முன் சக்கரம் கவ்விப் பிடித்தது. நான் ஹேண்டில்பாருக்கு மேலாகச் சென்று மணலில் விழுந்தேன். மாணவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடிவந்து தூக்கினார்கள். நானும் சிரித்தேன். ஆனால், அந்த இடத்தில் அவன் இருந்து, மணலுக்குப் பதில் மலைச்சாலை இருந்திருந்தால்?

பெரியவர் திரும்பியதும் காரணத்தை விளக்கினார். வி பிரேக் வேலை செய்ய, கேன்டிலீவருக்குத் தேவையானதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு நீளம் ஒயர் இழுபட வேண்டும். பழைய லீவர் குறைந்த நீளமே இழுக்கும். ஆனால், அதிக வலிமையோடு இழுக்கும். ஆகவே, ஒன்று கட்டை ரிம்மை எட்டாது; நெருக்கி வைத்தாலோ அளவுக்கு மீறிக் கவ்வும். புதிய வகை லீவரைப் பழைய கேன்டிலீவருடன் சேர்த்தாலும் தவறுதான். அப்போது லீவர் கைக்கு உறுதியாகத் தோன்றும். ஆனால், வண்டி நிற்காது. "பிரேக்கும் லீவரும் ஒரே ஜாதகமா இருக்கணும் ஹஜ்ரத்" என்றார் அவர். வி பிரேக் வாங்கினால் அதற்கேற்ற லீவரும் சேர்த்தே வாங்க வேண்டும். சில வண்டிகளில் லீவரும் கியர் மாற்றும் விசையும் ஒரே பாகமாக இருக்கும். அப்போது லீவரை மாற்றினால் கியர் விசையையும் மாற்ற நேரிடும். அந்தச் செலவையும் முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அதற்கு வசதி இல்லையென்றால், நல்ல கட்டையும் நல்ல ஒயரும் போட்டுச் சீராக அமைத்த பழைய கேன்டிலீவரே போதும். அரைகுறையாகப் புதுப்பித்ததைவிட, முழுமையாகப் பேணப்பட்ட பழையது மேலானது.

எண்பதுகளின் பிற்பகுதியில் வந்த சில சைக்கிள்களில் பின் பிரேக் சட்டத்தின் அடியில், பெடலுக்குப் பின்னே மறைந்திருக்கும். அதன் முளைகள் வேறிடத்தில் இருப்பதால் வி பிரேக் அதில் பொருந்தாது. இன்னும் சில இளைஞர்கள், பழைய சைக்கிளுக்கு டிஸ்க் பிரேக் வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஃபோர்க்கில் இரும்புத் துண்டை வெல்டிங் வைத்து மாட்டச் சொல்கிறார்கள். இதனை எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். டிஸ்க் பிரேக்கின் இழுவிசை ஃபோர்க்கின் ஒரு காலில், அதுவும் கீழ்ப்பகுதியில் விழுகிறது. அதற்காக உருவாக்கப்படாத ஃபோர்க் வளையும், ஒரு நாள் முறியும். டிஸ்க் வேண்டுமானால், அதற்கென்றே அமைந்த சட்டமும் ஃபோர்க்கும் ஹப்பும் கொண்ட வேறு சைக்கிளே வாங்க வேண்டும்.

பத்து மீட்டர் வேறுபாடு

பிள்ளைகள் பலர் முன் பிரேக்கைத் தொடவே அஞ்சுகிறார்கள். "முன் பிரேக் போட்டால் குப்புற விழுவாய்" என்று நாம்தான் அச்சுறுத்தி வளர்த்திருக்கிறோம். ஒரு கணக்குப் பாருங்கள்.

இறக்கத்தில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் எளிதாக வந்துவிடும். அது நொடிக்கு 10 மீட்டர். ஆபத்தைக் கண் கண்டு, மனம் உணர்ந்து, கை லீவரை அழுத்த ஒரு நொடி ஆகும் என்று வையுங்கள். அதற்குள் 10 மீட்டர் சென்றுவிடுகிறோம். அதன்பின், உலர்ந்த சமதளச் சாலையில் முன் பிரேக்கை நன்றாகப் பயன்படுத்துபவர் ஏறத்தாழ 10 மீட்டரில் நிற்கலாம். பின் பிரேக்கை மட்டும் நம்புபவருக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேண்டும். இடையிலுள்ள வேறுபாடு ஒரு பேருந்தின் நீளம்! இறக்கத்திலும் ஈரத்திலும் இந்தத் தொலைவுகள் யாவும் இன்னும் நீளும்.

காரணம் எளியது. வண்டி வேகம் குறையும்போது எடை முன் சக்கரத்தின் மேல் சாய்கிறது. பின் சக்கரம் இலேசாகி, பிரேக் போட்டால் சறுக்குகிறது. ஆகவே, நிறுத்தும் வலிமை பெரும்பாலும் முன் பிரேக்கில்தான் இருக்கிறது. அதைச் சட்டென்று அல்லாமல், படிப்படியாக அழுத்தவும், அழுத்தும்போது உடலைப் பின்னுக்குச் சாய்த்துக் கைகளை ஊன்றிக்கொள்ளவும் பழக்க வேண்டும். வேகம் பாதியானால் பிரேக் பிடித்து நிற்கும் தொலைவு கால் பங்காகிவிடும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். மணிக்கு 18 கிலோமீட்டரில் வருபவருக்கு 10 மீட்டருக்குப் பதிலாக இரண்டரை மீட்டர் போதும்.

மலை இறங்கும்போது வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். வளைவுக்குள் புகுந்த பின் அல்ல. நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி, டியூபின் ஒட்டுப் பிரியவோ டயர் வெடிக்கவோ கூடும். இடையிடையே முழுவதும் நிறுத்தி, ரிம்மை ஆறவிட்டு இறங்குவதே அறிவுடைமை. தூறலில் முதல் சில சுற்றுகள் ரிம்மிலுள்ள நீரைத் துடைக்கவே செலவாகும். ஆதலால், ஈரத்தில் முன்னதாகவே லேசாக பிரேக்கைத் தொட்டுக்கொண்டு வர வேண்டும்.

கையில் கொடுக்கும் முன்

சைக்கிளைப் பிள்ளையிடம் கொடுக்கும் முன் பெற்றோர் வீட்டு வாசலிலேயே செய்யத்தக்க சோதனைகள் சில உண்டு. தாய்மார்களும் இதனை எளிதாகச் செய்யலாம்.

நின்ற நிலையில் இரண்டு லீவர்களையும் முழு வலிமையோடு அழுத்துங்கள். அறுந்துபோக வேண்டிய ஒயர் வாசலிலேயே அறுந்து போகட்டும். அழுத்திய லீவருக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளியாவது எஞ்ச வேண்டும்.

முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு வண்டியை முன்னோக்கித் தள்ளுங்கள். பின் சக்கரம் தரையிலிருந்து எழும்ப வேண்டும். பின் பிரேக்கை அழுத்தித் தள்ளினால் பின் சக்கரம் சுழலாமல் இழுபட வேண்டும்.

சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கட்டை எங்கேனும் டயரைத் தொடுகிறதா என்று குனிந்து பாருங்கள். பிள்ளையின் விரல் லீவரை எட்டுகிறதா என்று பாருங்கள். பல லீவர்களில் அதை ஹேண்டில்பாருக்கு அருகே கொண்டுவரச் சிறு திருகாணி ஒன்று இருக்கும். பெரியவர் கைக்கு அமைத்த லீவர் சிறுவன் விரலுக்கு எட்டாமல் போவது, பிரேக்கே இல்லாததற்குச் சமம்.

இவை அனைத்துக்கும் ஐந்து நிமிடம் ஆகாது.

வாசகர்களே! பையனின் மணிக்கட்டு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. ஏற்ற லீவர்களுடன் வி பிரேக்குகள் மாட்டி, வலக்கைக்கு முன் பிரேக்கை மாற்றி, பெரியவரே ஓட்டிப் பார்த்துச் சரியென்று சொன்ன பிறகுதான் வண்டி வீட்டுக்கு வந்தது. சவூதியிலிருந்து பேசிய அவனுடைய அத்தாவிடம் நடந்தது முழுவதையும், என் தவணையையும் சேர்த்தே சொன்னேன். சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "நான் அங்கே இருந்திருந்தாலும் அடுத்த மாசம்னுதான் சொல்லியிருப்பேன் மச்சான்" என்றார். அது எனக்கு அவர் அளித்த ஆறுதல். ஆனால், உண்மையும் அதுதானே? அடுத்த மாதம் என்று சொல்லாதவர் நம்மில் எத்தனை பேர்?

பிள்ளை ஒன்றைக் கேட்கும்போது, அது ஆசைக்காகக் கேட்பதா, தேவைக்காகக் கேட்பதா என்று நிமிர்ந்து பார்க்கும் கடமை பெரியவர்களுக்கு இருக்கிறது. புதிய சைக்கிள் கேட்டால் அடுத்த மாதம் என்று சொல்லுங்கள், தவறில்லை. பிரேக் கட்டை கேட்டால் அன்றைக்கே வாங்கிக் கொடுங்கள்.

இப்போதெல்லாம் அவன் புறப்படும்போது வாசலில் நின்று இரண்டு லீவர்களையும் ஒரு முறை அழுத்திப் பார்க்கிறான். அக்காள் உள்ளே இருந்தபடியே, "நிக்குதாடா?" என்று கேட்கிறார். "நிக்குதும்மா" என்று சொல்லிவிட்டுத்தான் பெடலில் கால் வைக்கிறான்.

உங்கள் வாசலிலும் அந்த வினா இன்றே ஒலிக்கட்டும். மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.